கண்ணாடிக்குள் போன ஜெர்சி

எங்கள் ஹெல்நெஸ் கால்பந்துக் கழகத் தலைவர் ஓட்வாருக்கு ஒரு மனக்குறை. நார்வேயில் ராஜாவைத் தவிர எல்லோரையும் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். படகு விற்றுப் பணக்காரரான ஓட்வாரையும் அப்படித்தான். அந்தக் குறையை அவர் மைக் பிடித்துத் தீர்த்துக்கொள்வார்.

இந்த முறை மைக்குக்கு மாட்டியவள் யோருன். பெண்கள் அணியின் கோல்கீப்பர், முப்பத்தொன்பது வயது. பல வருடம் காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் ஈரத்தலையோடு பயிற்சிக்கு வந்தவள். பெண்கள் ஆட்டத்துக்கும் சம்பளம் உண்டு என்று எங்கள் கழகத்துக்கு ஞானம் பிறந்து நாலு வருடம்தான் ஆகிறது. அதற்குள் இருபது வயது தேயாவைக் கோல்கீப்பராகக் கொண்டுவந்து, யோருனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் யோருன், மைதான ஓரத்தில் நான் வாஃபிள் என்ற இனிப்பு அப்பம் சுடும் கூண்டுக்கு வந்து நின்றாள். ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் முறைவைத்து, சம்பளமில்லாமல் அங்கே வாஃபிள் சுட வேண்டும். என் மகள் கால்பந்தை விட்டுவிட்டுக் குதிரையேறப் போய் எட்டு வருடமாகிறது. என் முறை மட்டும் இன்னும் முடியவில்லை.

"ஐவின், ஓட்வார் எனக்கு வழியனுப்பு விழா வைக்கிறானாமே?"

"ஊருக்கே தெரியும். ஓய்வுன்னு நீதானே சொன்னே?"

"நான் எங்க சொன்னேன்? இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் கொடுன்னு கேட்கப் போனேன். 'உன் மனசு எனக்குப் புரியுது'ன்னு முதுகுல தட்டினான். அடுத்த நிமிஷம் கேக்குக்கு ஃபோன் பண்றான்."

"வேண்டாம்னு சொல்லிடேன்."

"எங்கம்மா விழாவுக்குன்னு புதுக் கோட்டு வாங்கிட்டா." வாஃபிளில் பழுப்புச் சீஸை இரண்டு துண்டு கூடுதலாக வைத்துக்கொண்டாள். "எனக்கு இன்னும் ஆடணும் ஐவின். பந்து இன்னும் என் பேச்சைக் கேட்குது."

விழாவை ஆட்டத்துக்கு முன்பே வைத்தார் ஓட்வார். ஆட்டம் முடிந்தால் மழைக்கு எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பூங்கொத்து, கேக், அப்புறம் பரிசு: யோருனின் பச்சை ஜெர்சி, கண்ணாடி போட்ட ஓக் மரச் சட்டத்துக்குள். படகு கட்டும் ஓட்வாரின் மச்சான் செய்தது. புயலில் கடலில் போட்டாலும் மிதக்கும். கீழே பித்தளைத் தகட்டில் அவள் சேர்ந்த வருடமும் முடித்த வருடமும். இந்தக் கழகம் மட்டுமல்ல, தானும் ஒரு சகாப்தம் என்பதாக ஓட்வார் பேசினார். புதுக் கோட்டு அம்மா அழுதாள். யோருன் சட்டத்தை என் கூண்டில் சாய்த்துவிட்டுப் பெஞ்சுக்குப் போனாள்.

ஆட்டம் சமனில் முடிந்தால் போதும், முதல் டிவிஷனில் தங்கிவிடுவோம். தோற்றால் கீழே. கடைசி இருபது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. கார்னரில் எங்கள் தடுப்பாட்டக்காரியின் முழங்கை தேயாவின் மூக்கில் இறங்கியது. ஜெர்சி முழுக்க ரத்தம்.

பயிற்சியாளர் பெரித் கத்தினாள்: "யோருன், இறங்கு!"

அப்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ரத்தம் பட்ட சட்டையோடு ஆடக்கூடாது. கோல்கீப்பர் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். கோல்கீப்பருக்கான மாற்று ஜெர்சி கழகத்தில் ஒன்றே ஒன்றுதான். புதிதாக ஒன்று தைக்கச் செலவாகும் என்று அதைத்தான் ஓட்வார் கண்ணாடிக்குள் போட்டிருந்தார்.

பெரித் என் கூண்டுக்கு ஓடிவந்தாள். "அந்தக் கண்ணாடியை உடை!"

"உடைக்காதே! மச்சான் மூணு வாரம் உட்கார்ந்து செஞ்சது!" பின்னாலேயே ஓட்வார், கழுத்தில் மாலை போலக் கழகத்தின் சால்வை.

"கண்ணாடித்தூளோட யாரும் உள்ள வரக்கூடாது" என்றாள் நடுவர், மழையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

சட்டத்தைக் கவிழ்த்தேன். பின்பலகை முழுக்கத் திருகாணி. வாஃபிள் எடுக்கும் கத்தியால் திருக ஆரம்பித்தேன். மைதானமே என் கூண்டை நோக்கித் திரும்பிவிட்டது. ஒவ்வொரு ஆணி கழன்றபோதும் கைதட்டல். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே அரங்கம் அதுதான்.

பலகை வந்தது, சட்டை வரவில்லை.

"மச்சான் பசை போட்டிருக்கான்" என்றார் ஓட்வார் மெதுவாக. "படகுக்குப் போடுறது."

யோருன் பலகையில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். 'சர்ர்' என்றது. முதுகில் தட்டு அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் காய்ந்த பசை.

"காத்து நல்லா வரும்" என்று மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அடுத்து நடந்ததை நான் வாஃபிள் கருகக் கருகப் பார்த்தேன். எதிரணி கார்னர் மேல் கார்னராக அடித்தது. எல்லாவற்றுக்கும் நடுவே யோருனின் குரல்: "வெளிய வா! என்னோடது! ஏய், தூங்குறியா?" ஒரு பந்தைக் குத்தினாள், ஒன்றைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். கடைசி நிமிடத்தில் ஆறடி பத்தாம் நம்பர்காரி தலையால் முட்டிய பந்து மூலைக்குப் போனது. கோல் என்று ஓட்வார் கண்ணை மூடிக்கொண்டார். யோருனின் விரல்நுனி அதற்கு முன்பே அங்கே இருந்தது. பந்து கம்பத்துக்கு வெளியே போய், ஓட்வாருக்குப் பக்கத்தில் இருந்த கேக்கில் உட்கார்ந்தது.

விசில். மழையில் ஒருவரும் ஓடவில்லை. சேற்றில் கிடந்த யோருன்மேல் அணியே விழுந்தது. மூக்கில் பஞ்சோடு தேயாதான் முதலில். "எனக்கு இதெல்லாம் சொல்லித் தராம நீ எங்கயும் போக முடியாது!"

கூட்டம் பாட ஆரம்பித்தது: "இன்னும் ஒரு வருஷம்! இன்னும் ஒரு வருஷம்!" மிகச் சத்தமாகப் பாடியது புதுக் கோட்டு.

மைக் கையில் இருந்தால் ஓட்வாருக்கு மூளை வேகமாக வேலை செய்யும். "நண்பர்களே! யோருன் தொடர வேண்டும் என்று ஆரம்பம் முதலே சொல்லிவருகிறேன்…"

முன் வரிசையில் யாரோ கேட்டார்: "அப்ப கேக்கு எதுக்கு ஓட்வார்?"

அங்கேயே, மைக்குக்கு முன்பாகவே, யோருன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். விடவில்லை. "ஒரு வருஷம். எல்லாரும் கேட்டீங்கல்ல?"

"கேட்டோம்!"

"அந்தச் சட்டை…" என்றார் ஓட்வார் பரிதாபமாக. "சட்டத்துக்குத் திரும்ப வேணுமே."

"துவைச்சுத் தர்றேன். அடுத்த வருஷம்."

ஓக் சட்டம் இப்போது என் கூண்டில்தான் தொங்குகிறது. தகட்டில் யோருன் முடித்த வருடத்தைப் பெரித் அரத்தால் ராவிவிட்டாள். கண்ணாடிக்குள் வாஃபிள் முறைப் பட்டியல் இருக்கிறது. முதல் வாரம் ஓட்வார்.