குமிழி விடாத செங்கல்

முதல் நாளே வாயை விட்டுவிட்டேன். என் பிறவிக் குணம் அது. வாய் முன்னால் ஓடிவிடும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

நான் கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்க எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஒரே ஒரு ஆள் நான்தான். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் விமானம் ஏறும்வரை பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட நம்பவில்லை.

அங்கே எனக்கு மிகவும் பிடித்த இடம் கட்டுமான ஆய்வகம். உயரமான கூரை, காலில் நறநறக்கும் மணல், மூலையில் எங்கோ இடித்துக் கொண்டுவந்த பழைய சுவர்களின் குவியல். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, மார்பளவு உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர் கட்ட வேண்டும். ஒரு வாரம் காயவிட்டு, இயந்திரம் வைத்துப் பக்கவாட்டில் தள்ளுவார்கள். அதன் அளவு முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும்வரை தாங்கினால் பாஸ். தாங்காவிட்டால் அந்தப் பாடம் போச்சு. ஒரு பாடம் போனாலும் எங்கள் கல்லூரி அந்தச் செமஸ்டரையே ஏற்காது. அதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

என் குழுவில் இன்னும் இரண்டு பேர். எதைக் கேட்டாலும் கால்குலேட்டரைத் தொடாமல் விடை சொல்லும் ஒரு பெண். அவளுக்குக் கணக்குப் புலி என்று மனசுக்குள் பேர் வைத்தேன். இன்னொருவன் ஆறடி உயரத் தூங்குமூஞ்சி. நாங்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷில். ஆனால் என் காதில் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே சொல்கிறேன்.

"முதல்ல கல்லை ஊற வைக்கணும்" என்றேன்.

"கையேட்டுல அப்படிப் போடலையே" என்றாள் கணக்குப் புலி.

"கையேடு கிடக்கட்டும். எங்கம்மா சித்தாள். இருபத்திரண்டு வருஷமா செங்கல் சுமக்கிறாங்க. ஊற வைக்காத கல்லை அவங்க மேஸ்திரி கையிலயே குடுக்க மாட்டாங்க. எனக்கா செங்கல்லைப் பத்திச் சொல்ல வர்றே?"

அவள் கையேட்டை மூடி வைத்தாள். தொட்டியில் கல்லைப் போட்டோம். சரியாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் நான் அம்மா புராணம் பாடினேன். தூங்குமூஞ்சிகூடக் கண்ணை விரித்துக் கேட்டான்.

அன்று மதியம் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். கையில் கலவை பூசும் கரண்டியோடு எடுத்த படத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தேன்.

"கரண்டியை யாருடி உன் கையில குடுத்தா?"

"யாரும் குடுக்கலைம்மா, நானே எடுத்தேன். இங்க எல்லாரும் எடுக்கலாம்."

"இத்தனை வருஷத்துல என் கையில ஒருத்தன் குடுத்ததில்லை. கேட்டா, சித்தாளுக்கு எதுக்குக் கரண்டிம்பாங்க. நீ நல்லா கட்டுடி என் ராசாத்தி."

ராசாத்தி கட்டினாள். செங்கல் எட்டு வரி ஒழுங்காக ஏறியது. ஒன்பதாவது வரி வைக்கும்போது கீழே இருந்த கல் வழுக்கத் தொடங்கியது. கலவை பிதுங்கி வெளியே வந்தது. "ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று நான் திரும்பிய நேரத்தில் சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, பொத்தென்று மொத்தமும் சரிந்தது. நல்லவேளை, யார் காலிலும் விழவில்லை. ஆய்வகமே திரும்பிப் பார்த்தது.

கணக்குப் புலி கலவை ஒட்டிய கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "உங்கம்மா ஊற வெச்ச கல்லுல கட்டின வீடெல்லாம் நிக்குதா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். அதுதான் எனக்குச் சுரீர் என்றது. என் மார்க்கைப் பற்றி அவள் என்ன கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். குனிந்து சிதறிய கல்லைப் பொறுக்கத் தொடங்கினேன்.

ஆய்வகப் பேராசிரியரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வந்து குவியலைப் பார்த்தார். "மறுபடியும் ஒரு தடவை கட்டலாம். ஒரே ஒரு தடவைதான். ஏன் விழுந்ததுன்னு காரணமும் எழுதணும்" என்றார்.

அம்மா தினமும் கேட்டாள், "சுவர் நிக்குதா?" என்று. "நிக்குதும்மா" என்றேன். இப்படி மூன்று நாள் புளுகினேன். சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலையில் தனியாக ஆய்வகத்துக்குப் போனேன். அம்மா இருபத்திரண்டு வருஷமாகத் தப்பு செய்திருக்க முடியாது. அப்படியானால் தப்பு என்னுடையது. எங்கே என்றுதான் தெரியவில்லை. தொட்டியில் ஒரு கல்லைப் போட்டுவிட்டு, இந்தத் தடவை வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

பளிச்சென்று பிடிபட்டது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவோடு வேலைக்குப் போவேன். தொட்டி ஓரத்தில் உட்கார வைத்து, "குமிழி நின்னதும் சொல்லுடி" என்பாள். கல்லைப் போட்டதும் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கும். குமிழி அடங்கியதும் நான் கத்துவேன், அம்மா கல்லை எடுப்பாள். அவள் கடிகாரம் பார்த்து ஊற வைத்ததே இல்லை. நான்தான் கதை அளந்துகொண்டு தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மூலைக் குவியலிலிருந்து ஒரு பழைய செங்கல்லை எடுத்து, சுத்தமாகச் சுரண்டி, உள்ளே போட்டேன். பொங்கியது பாருங்கள்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு கல்லையும் ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு எடை போட்டேன். பழைய கல் தன் எடையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு தண்ணீர் குடித்திருந்தது. எங்களுக்குக் கொடுத்த தொழிற்சாலைக் கல் குடித்தது வெறும் நாலு. குடிக்கிற கல்லை ஊற வைக்காவிட்டால் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். குடிக்காத கல்லை நனைத்தால் கலவை பிடிக்காமல் வழுக்கும். தொட்டியில் போட்ட உடனேயே கல் சொல்லிவிட்டது. கேட்க நான்தான் இல்லை.

அன்றைக்கே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"விழுந்துடுச்சா? என் பேரைச் சொல்லியா கட்டினே?" அம்மாவின் குரல் ஏறியது. "குமிழி வரலைன்னா எடுத்து வெளிய போட வேண்டியதுதானே, கழுதை! என் மானத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோய் வாங்கிட்டு நிக்கிறியே!"

"திருப்பிக் குடுத்துட்டு வர்றேம்மா."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, நான் சுமந்த கல்லுல அறுபது வீடு நிக்குதுன்னு. ஒண்ணுலகூட விரிசல் கிடையாது."

சொன்னேன். கணக்குப் புலி நான் போட்ட எடைக் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு தானே பழைய கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டு, குமிழியைப் பார்த்துச் சிரித்தாள். "தராசே வேண்டாம் போலிருக்கே" என்றாள். உலர்ந்த கல்லை வைத்து மூவரும் இரண்டாம் சுவரைக் கட்டினோம். தூங்குமூஞ்சி அன்று ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

தள்ளிப் பார்க்கும் நாள் வந்தது. இயந்திரம் உறுமியது. முள் ஏறத் தொடங்கியது. செமஸ்டர் ஒரு பக்கம், அம்மா மானம் ஒரு பக்கம். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது, இன்னும் போனது. சுவர் அசையவில்லை. தூங்குமூஞ்சி என்னைத் தூக்கிச் சுற்றினான்.

மேடம் எங்கள் அறிக்கையைப் புரட்டினார். குமிழி பற்றிய பக்கத்தில் நின்றார். "இந்த முறை எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எந்தப் புத்தகத்துலயும் பார்த்ததில்லை மேடம். எங்கம்மா செய்வாங்க."

"அப்ப அவங்க பேரை எழுது. மேற்கோள் இல்லாத அறிக்கையை நான் வாங்க மாட்டேன்."

புத்தகங்களின் பட்டியலுக்குக் கீழே அம்மாவின் பேரை முழுதாக எழுதினேன். தொழில்: சித்தாள். அனுபவம்: இருபத்திரண்டு ஆண்டுகள். நெஞ்சு அப்படி நிமிர்ந்தது.

அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி அம்மாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரு படம் வந்தது. பாதி எழும்பிய சுவர். அதன் பக்கத்தில், கலவை படிந்த கரண்டியோடு அம்மா. முறைப்பது போல நின்றிருந்தாள்; அவளுக்குப் பெருமை வந்தால் முகம் அப்படித்தான் போகும். பின்னாலேயே அவள் குரல் பதிவும் வந்தது.

"மேஸ்திரிகிட்ட நீ எழுதினதைக் குடுத்து ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். படிச்சாரு. வெளிநாட்டுல என் பேரு புத்தகத்தோட வரிசையில இருக்கு, ஒரு வரி நான் வெக்கிறேன், கரண்டியைக் குடுங்கன்னேன். ஒரு வரி முழுக்க வெச்சுட்டேன்டி. சுவரு நேரா இருக்கான்னு அவரு தூக்குக்குண்டை விட்டு மேல கீழ பாத்தாரு. ஒரு குறை சொல்ல முடியலை. நாளைக்கும் வெக்கச் சொல்லியிருக்காரு."