ஸ்டீரிங் மூடிக்குள்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தவறியும் மறுபடி பட்டுவிடாதபடி அதன்மேல் டியூப் ரப்பரைச் சுற்றிவிட்டு, பக்கிரிசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது இருபது. ஒன்பது முப்பது வரை அந்தக் காரில் அவன் கைவைக்க மாட்டான். பட்டறையின் மறுபக்கத்தில் தகரம் தட்டும் சத்தமும், பெயின்ட் தேய்க்கும் சத்தமும் ஓயாமல் கேட்டன. கிள்ளான் மேரு சாலையில் கன்டெய்னர் லோரி போகும்போதெல்லாம் கூரை அதிர்ந்தது.

“மறுபடியும் பத்து நிமிசமா?” என்றான் பாலன். பட்டறையில் இருந்த இரண்டு வயர்மேன்களில் அவன் இன்னொருவன்.

“பேட்டரிய கழட்டுனாலும் உள்ள கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும். காப்பார் பட்டறையில ஜெயராஜுக்கு என்னா ஆச்சின்னு ஒனக்குத் தெரியும்ல?”

பாலனுக்குத் தெரியும். ஏர்பேக் வயரில் மீட்டர் ஊசியை வைத்துப் பார்த்த ஜெயராஜுக்கு இப்போது வலது கையில் மூன்று விரல்கள். ஒரு காது கேட்காது.

கார் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கும் ஒரு மிஸியுடையது. கிள்ளானில் வார்டு நர்சாக வேலை பார்ப்பவர். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மணல் லோரியின் பின்னால் மோதியதில் ஸ்டீரிங்கில் இருந்த ஏர்பேக் பை வெடித்து விரிந்திருந்தது. பக்கத்து சீட்டின் பை வெடிக்கவில்லை. முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்க ஐந்து வாரம் ஆனது. மோதலை உணர்ந்து பையை வெடிக்கச் செய்யும் பெட்டியைப் போன வாரம்தான் பக்கிரிசாமி புதிதாக மாற்றினான். அதை மாற்றாவிட்டால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணையவே அணையாது.

ஒன்பது முப்பதுக்கு அவன் பக்கத்து சீட்டின் பையைக் கழற்றினான். மூடிப் பக்கம் நெஞ்சைப் பார்க்காமல் வெளியே பார்க்கும்படி இரண்டு கையாலும் தூக்கிவந்து, மேசையில் மூடி மேலே இருக்கும்படி வைத்தான். பாலன் அதன்மேல் ஸ்பேனரை வைக்கப் போனான்.

“மேல ஒன்னும் வைக்காத. வெடிச்சா அந்த ஸ்பேனரு கூரையப் பொத்துக்கிட்டுப் போவும்.”

பாலன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டான். பக்கிரிசாமி பையின் பிளக்கையும், அது உட்காரும் இரும்புத் தாங்கியையும் டார்ச் அடித்துப் பார்த்தான். தாங்கி வளையவில்லை. பிளக்கில் துரு இல்லை. பிறகு ஸ்டீரிங்குக்கு வந்த புதுப் பையை வாங்க ஆபீசுக்குப் போனான்.

முதலாளி இராமலிங்கம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பழைய ஸ்டீரிங் மூடி இருந்தது. வெடித்தபோது பிளந்த இடத்தைப் பசை வைத்து ஒட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதோடு சதுரமாக வெட்டிய மஞ்சள் ஸ்பாஞ்சு. சிறிய காகிதத்தில் சுற்றிய, அரிசியை விடக் கொஞ்சம் பெரிய ரெசிஸ்டர்.

“இது என்னா பாஸ்?”

“பாரு, பொளந்த எடமே தெரியாது. டவுன்ல குடுத்து ஒட்டுனேன்.”

“பை எங்க?”

“ஸ்பாஞ்சு இருக்குல்ல. வயர்ல அந்த ரெசிஸ்டர மாட்டிரு. லைட்டு ஒழுங்கா வந்து அணைஞ்சிரும்.”

“புதுசுக்கு இன்சூரன்ஸ் காசு பாஸ் பண்ணிட்டாங்களே. ஜாப் கார்டுல நாந்தான எழுதுனேன்.”

“ஆர்டர் போட்டா ரெண்டு மாசம் ஆவும் லா. அந்த மிஸி தெனம் போன் அடிக்கிது.” இராமலிங்கம் குரலை உயர்த்தவில்லை. வெல்டராக இருந்து மேலே வந்தவர். இரண்டு முன்கைகளிலும் பொறி பட்ட தழும்புகள் இருந்தன. “ஒரு ஆளு வாழ்க்கையில எத்தன தடவ மோதுவான் பக்கிரி?”

“மோதுற அன்னிக்கி அது வேணுமே.”

“பதினோரு பேர வச்சி நடத்துறேன். எனக்குப் பாடம் எடுக்காத. போய் மாட்டு.”

“நான் மாட்ட மாட்டேன் பாஸ்.”

பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலன் அதை மாட்டினான். மாட்டி முடிக்கும்வரை பக்கிரிசாமி இருந்த பக்கம் அவன் திரும்பவில்லை. வெடிக்காமல் உயிரோடிருந்த பக்கத்து சீட்டுப் பையை மட்டும் பக்கிரிசாமி யாரையும் தொடவிடாமல் தானே திரும்பப் பொருத்தினான். சாவியைத் திருப்பினார்கள். சிவப்பு விளக்கு ஆறு விநாடி எரிந்து, புதுக் காரில் போலவே அணைந்தது.

திங்கட்கிழமை காலையில் காரை எடுக்க மிஸியே வந்தார். பெயர் மார்க்கிரட். ஐம்பதைத் தாண்டியவர், உயரமான மெலிந்த உடம்பு. பட்டறை ஆட்களுக்கென்று ஒரு டின் பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். கதவைத் திறந்து ஸ்டீரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். பை வெடித்தபோது சுட்ட இடங்கள் மணிக்கட்டில் பழுப்பாகத் தெரிந்தன.

“இது இல்லாட்டி அண்டைக்கு நான் இல்லை” என்றார் யாழ்ப்பாணத் தமிழில், பொதுவாக எல்லாரையும் பார்த்து.

இராமலிங்கம் பக்கத்தில் நின்று சிரித்தார். பக்கிரிசாமி கையிலிருந்த நட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். கார் சாலையில் இறங்கி லோரிகளுக்கு நடுவே மறைந்தபோதும் அதே நட்டைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி மாரியாயி கையுறை ஃபேக்டரியில் வேலை செய்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கொதிக்கும் குழம்பைக் கிளறிக்கொண்டே, “நாலஞ்சு நாளா வாயே தொறக்க மாட்டேங்கிறீங்க” என்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

“அந்த மிஸி எந்த ரோட்டுல வேலைக்குப் போவுது?”

“ஃபெடரல் ஹைவேதான்.”

“தெனமுமா?”

“தெனமும். ஞாயித்துக்கெழம போயி சொல்லிரலாம்னு இருக்கேன். பாஸுக்குத் தெரிஞ்சா வேல போயிரும்.”

மாரியாயி அடுப்பை அணைத்தாள். கைகளை முந்தானையில் துடைத்தாள். “நாளைக்கி உங்களுக்கு அரை நாள்தான? அப்பறம் எதுக்கு ஞாயித்துக்கெழம?” என்றாள்.

சனிக்கிழமை ஒரு மணிக்குப் பட்டறை முடிந்ததும் ஜாப் கார்டிலிருந்து எழுதிவைத்த முகவரியோடு அவன் மோட்டார்சைக்கிளில் கிளம்பினான். கருவிப் பை முதுகில் தொங்கியது. ரயில்வே குவார்ட்டர்ஸ் தாண்டி நான்கு மாடிக் கட்டடம். கீழே அங்சானா மரத்தடியில் கார் நின்றது. பானட் முழுக்க மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடந்தன.

கதவைத் திறந்த மார்க்கிரட் அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அவன் வாசலிலேயே நின்று சொன்னான். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

“அந்த லைட் வடிவா வந்து போகுது தானே தம்பி. நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறனான்.”

“அது பொய் லைட்டு மிஸி. உள்ள பை இருக்குன்னு பெட்டிய ஏமாத்தி வச்சிருக்கு.”

“உமக்கும் முதலாளிக்கும் ஏதும் சண்டையோ?”

“சண்ட இல்ல. என் வார்த்தைய நம்ப வேணாம். தொறந்து காட்டுறேன், நீங்களே பாருங்க.”

அவர் சாவியை எடுத்துவந்தார். பக்கிரிசாமி பேட்டரி முனையைக் கழற்றி ரப்பரைச் சுற்றினான். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றான்.

“ஏன் நிக்கிறீர்?”

“பத்து நிமிசம் இருக்கணும் மிஸி.”

“உள்ள பை இல்லை எண்டு நீர்தானே சொன்னனீர்?”

“ஸ்டீரிங்ல இல்ல. பக்கத்து சீட்டுல இருக்கு. அது ரெண்டுக்கும் ஒரே பெட்டி.”

மார்க்கிரட் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாடி பார்த்துப் பழகிய கை. விநாடி முள்ளின் மேலேயே கண் இருந்தது. பின்னால் ரயில் ஒன்று போய் முடிந்தது. “பத்து” என்றார்.

அவன் ஸ்டீரிங்கின் பின்புறமிருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி மூடியை மெல்லத் தூக்கினான். மஞ்சள் ஸ்பாஞ்சு தெரிந்தது. இடம் போதாமல் ஒரு மூலையில் பழைய பனியன் துணியைத் திணித்திருந்தார்கள். இரண்டு வயர்களுக்கு நடுவில் கறுப்பு டேப். டேப்பைப் பிரித்து ரெசிஸ்டரைக் காட்டினான்.

மார்க்கிரட் குனிந்து ஸ்பாஞ்சை ஒரு விரலால் அழுத்தினார். அது அமுங்கி, மெதுவாக மேலே வந்தது.

“ஆறு நாள்” என்றார். “ஆறு நாளா இதிலதான் வேலைக்குப் போய் வந்தனான். புதன்கிழமை என்ர தங்கச்சியிட மகள் இதை ஓட்டினவள்.” நிமிர்ந்தார். குரல் வார்டில் கேட்கும் குரலாக மாறியிருந்தது. “ஒண்டையும் தொடாதேயும். கமரா எடுத்து வாறன்.”

திங்கட்கிழமை அவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போட்டோக்களோடு போனார். மறுநாள் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி பட்டறைக்கு வந்தார். இராமலிங்கம் அவரை ஆபீசுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அரை மணி நேரம் கழித்து இருவரும் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

இரண்டு மாதம் ஆகும் என்று சொன்ன பை, வெள்ளிக்கிழமை மத்தியானமே சீல் வைத்த அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது.

லோரியில் ஏற்றிவந்த கார் பட்டறை நடுவில் நின்றது. மார்க்கிரட் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அட்டைப்பெட்டியைப் பாலன் தொட மறுத்தான். “புதுசு எனக்குப் பழக்கமில்ல பாஸ்.” இராமலிங்கம் பக்கிரிசாமியைப் பார்க்காமலே, “நீ மாட்டு” என்றார்.

அவன் மாட்டினான். பெட்டியின் மேலிருந்த நம்பரை மூடியின் அடியிலிருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தான். ஸ்டீரிங்குக்குள் சுருண்டிருந்த வயர்ச் சுருள் நடுவில் நிற்கிறதா என்று எண்ணித் திருப்பினான். பிளக் ‘கிளிக்’ என்று உட்காரும் சத்தத்தைக் குனிந்து காதால் கேட்டான். போல்ட்டுகளை அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கினான். கடைசியாக எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, பேட்டரியை மாட்டி, தலையை வெளியே வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்பினான். விளக்கு எரிந்தது. எல்லாரும் மனசுக்குள் எண்ணினார்கள். அணைந்தது.

“இனி மெய்யாவே இருக்கு மிஸி.”

மார்க்கிரட் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிரீஸ் அவர் விரல்களில் ஒட்டியது, அவர் துடைக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஆபீஸ் பெண் அவனிடம் ஒரு கவரைக் கொடுத்தாள். மலாய் மொழியில் நான்கு வரி. வேலையில் கவனக்குறைவு, வாடிக்கையாளரின் உயிருக்கு ஆபத்து விளைவித்தது, இன்றோடு வேலை நீக்கம். ஸ்டீரிங்குக்குள் ஸ்பாஞ்சு வைத்தது அவன்தான் என்று இன்சூரன்ஸ் அதிகாரியின் அறிக்கையிலும் ஏறிவிட்டது என்று பாலன் மெதுவாகச் சொன்னான்.

“எவன் வச்சான்னு ஒனக்குத் தெரியும் பாலா.”

“தெரியும் அண்ணே. எனக்கு மூனு புள்ளைங்க.”

பக்கிரிசாமி ஆபீஸ் கதவைத் தட்டாமல் திறந்தான். “பாஸ், இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். தொழில் இலாகாவுல பாத்துக்குவோம்.”

“போ லா. யாரு வேணான்னா?” என்றார் இராமலிங்கம். போன் ரிசீவர் அவர் கையிலேயே இருந்தது.

அடுத்த பத்து நாளில் அவன் ஐந்து பட்டறைகளில் வேலை கேட்டான். நான்கு இடத்தில் பெயரைச் சொன்னதும், “ஏர்பேக் ஆளா?” என்று கேட்டார்கள். ஐந்தாவது இடத்தில் கேட்கக்கூட இல்லை. மார்க்கிரட் நடந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தை மாரியாயி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். தன் ஃபேக்டரியில் ஓவர்டைம் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதையும் அப்போதுதான் சொன்னாள்.

கிள்ளானில் தொழிலாளர் புகார்களை வாங்கும் தொழில் இலாகா ஒரு கடைவரிசையின் இரண்டாவது மாடியில் இருந்தது. வரிசை படிக்கட்டில் இறங்கிக் கீழே பேங்க் வாசல்வரை நின்றது. பக்கிரிசாமி காலை எட்டு மணிக்கு வந்து நின்றான். கவுண்டரை அடைந்தபோது மணி பதினொன்றரை. கவுண்டரில் இருந்த இளம்பெண்ணின் சட்டையில் வீரம்மா என்று பெயர் குத்தியிருந்தது. அவள் நீக்கக் கடிதத்தைப் படித்து, பாரம் எனப்படும் புகார்ப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் மலாயில் எழுதினாள்: கவனக்குறைவு.

“அது காரணமில்ல மிஸ்.”

“முதலாளி லெட்டர்ல இருக்கிறதத்தான் நாங்க இதுல போடணும் அண்ணே.”

“அப்ப நடந்தது?”

“உங்க பக்கம் கீழ எழுதலாம்.” அவள் விரலால் காட்டிய இடத்தில் ஒரே ஒரு கோடு இருந்தது.

அவன் பேனாவை எடுத்தான். கட்டத்திலிருந்த அந்தச் சொல்லின் மேல் நேராக ஒரு கோடு கிழித்துவிட்டு, அதன் மேலே எழுதத் தொடங்கினான்.

“ஐயோ, அடிச்சி எழுதுனா செல்லாது! இப்ப நான் வேற பாரம் போடணும். பின்னால ஆளு நிக்கிறாங்க. திரும்ப வரிசையில வாங்க.”

“வெள்ளைப் பாரமா ஒன்னு குடுங்க. நானே எழுதிக்கிட்டு வர்றேன்.”

அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். பிறகு ஒன்றுக்குப் பதில் இரண்டு பாரங்களை எடுத்துக் கொடுத்தாள்.

பக்கிரிசாமி படியிறங்கி, இப்போது படிக்கட்டின் அடியில் முடிந்த வரிசையின் கடைசிக்குப் போனான். அவனுக்கு முன்னால் கட்டுப் போட்ட கையோடு ஒருவர், கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு சட்டைப்பையில் எதையோ தேடினார். பக்கிரிசாமி பாரத்தைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு, ஸ்டீரிங் மூடியில் தொடங்கி எழுதினான். கோடு சட்டென்று நிறைந்துவிட்டது. ஓரத்தில் எழுதினான். பிறகு தாளைத் திருப்பி, பின்புறத்தில், மேலிருந்து தொடங்கினான். வரிசை ஒரு படி நகர்ந்தது. அவனும் பேனாவை எடுக்காமல் ஒரு படி ஏறினான்.