கிணற்றடிக்கு வந்த ஹன்சா

மழை பொய்த்த இரண்டாம் வருடம், நோன்புப் பெருநாள் கழிந்த ஒன்பதாம் நாள், கரின் மைரோ ஊருக்கு வடக்கேயுள்ள கல்மேட்டிலிருந்து நாற்பத்தொரு ஹன்சாப் புதர்கள் இறங்கி வரத் தொடங்கின. அவை நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் முந்தின நாள் நின்ற இடத்திலிருந்து நூறு தப்படி தள்ளி நின்றன, அவ்வளவுதான். மாட்டுத் தரகர்கள் அந்த வாரத்துக் கம்பு விலையைச் சொல்லிவிட்டு, புதர்கள் எங்கே வந்திருக்கின்றன என்றும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஊர்த்தலைவர் மைதாஜிக்கு இது பொறுக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் கருகிக் கிடக்க, ஹன்சா மட்டும் தடித்த இலையோடு பச்சையாக நின்றது. கிணற்றுக் கயிற்றை இரண்டு முறை நீட்டிக் கட்டியாயிற்று. வீட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு சுரைக்குடுவைத் தண்ணீர் என்று அளந்து கொடுத்தார்கள். "எதைக் குடிச்சு இது பச்சையா நிக்குது? நம்ம கிணத்தைக் குடிக்கத்தான் வருது. கிணத்தடிக்கு வரட்டும், வேரோட வெட்டுறேன்" என்றார். ஆண்கள் கோடரிகளைத் தீட்டி வைத்தார்கள்.

அவருடைய மாமன் மகள் தபாவா. மாமன் மகளும் அத்தை மகனும் ஊர் நடுவில் ஒருவரையொருவர் என்ன கேலி செய்தாலும் கோபப்படக்கூடாது என்பது அங்கே வழக்கம். தபாவாவின் குதிரில் தானியம் தீர்ந்து, வண்டு அண்டாமலிருக்கப் பரப்பிய ஹன்சா இலைகள் மட்டும் அடியில் மிச்சமிருந்தன. புதர்களில் மஞ்சள் பழம் குலுங்கியது. அதன் மெல்லிய சதை இரண்டே நாளில் தீர்ந்துவிட, ஊரார் துப்பிய விதைகளை அவள் கூடை கூடையாகப் பொறுக்கிச் சேர்த்தாள். அந்த விதையை அப்படியே தின்றால் குடல் எரியும். வேகவைத்து, ஏழு நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் பயறு போல ஆகிவிடும். தண்ணீர் கேட்டு மைதாஜியிடம் போனாள்.

"குடிக்கவே இல்லாத தண்ணியை ஏழு தடவை கீழ கொட்டப் போறியா? வெயில்ல மூளை உருகிடுச்சா?"

"உனக்கு அந்தப் பயமே இல்ல மச்சான். தலப்பாவை அவுத்தா உள்ள காத்துதான் இருக்கு."

கூட்டம் சிரித்தது. தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை. பதினொரு வீட்டுப் பெண்கள் தங்கள் பங்கிலிருந்து தினமும் ஆளுக்கொரு குடுவை கொண்டுவந்து கொடுத்தார்கள். தபாவா விதைகளை வேகவைத்துப் பானைகளில் ஊறப்போட்டாள்.

ஊறவைத்த நான்காம் நாள் புதர்கள் தொழுகைத் திடலைத் தாண்டின. அன்று மத்தியானம், அடுத்த வீட்டுத் தேலு பசியில் துவண்ட பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி விதையை அள்ளினாள். தபாவா அகப்பைக் காம்பால் அவள் மணிக்கட்டில் அடித்தாள். விதைகள் மண்ணில் சிதறின.

"என் புள்ள செத்துட்டா நீ திருப்பித் தருவியா அக்கா?"

"இப்பத் தின்னாத்தான்டி செத்துப்போகும். கசப்பு இன்னும் இறங்கல. மூணு நாள். இங்கயே உக்காரு."

தேலு வீட்டுக்குப் போகாமல் பானைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தபாவா தன் பங்குத் தண்ணீரைக் குழந்தைக்குப் புகட்டினாள். தினமும் ஒரு விதையைக் கடித்துப் பார்த்துத் துப்பினாள். ஆறாம் நாள் குழந்தை அழுவதை நிறுத்தியது. அதுவரை அழுகை பொறுக்காமல் காதைப் பொத்திக்கொண்டிருந்த இருவரும் இப்போது, ஒரு முனகலாவது வராதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் நாள் விடிந்தபோது நாற்பத்தொரு புதர்களும் கிணற்றைச் சுற்றி நின்றன. மைதாஜி பன்னிரண்டு ஆண்களோடு கோடரி எடுத்து வந்தார். அதே நேரத்தில் தபாவா ஒரு விதையைக் கடித்தாள். துப்பவில்லை. மசித்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். அது வெகுநேரம் நாக்கில் வைத்திருந்துவிட்டு விழுங்கியது. குழந்தையை அவளிடமே விட்டுவிட்டுத் தேலு ஒரு கிண்ணம் நிறைய அள்ளிக்கொண்டு ஓடினாள். ஓங்கிய கோடரிக்கும் புதருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தலைவரே, முதல்ல தின்னுங்க. அப்புறம் வெட்டுங்க."

மைதாஜி சாப்பிட்டுவிட்டதாகவே ஐந்து நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தது ஊருக்கே தெரியும். குழந்தையோடு பின்னாலேயே வந்த தபாவாவுக்குக் கேலி செய்ய அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

"சாப்பிடு மச்சான்" என்று மட்டும் சொன்னாள்.

கோடரியைக் கீழே வைத்துவிட்டு, புதர் நிழலில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டார். பிறகு மற்றவர்களும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் கயிறு விட்டுப் பார்த்தபோது கிணற்றுத் தண்ணீர் ஒரு விரல்கூடக் குறைந்திருக்கவில்லை.

ஐம்பத்திரண்டு நாள் கழித்து மழை வந்தது. புதர்கள் திரும்பிப் போகவில்லை. மறு வருடம் ஒரு விவசாய அதிகாரி வந்து ஹன்சா விதையை மண்பைகளில் வரிசையாக ஊன்றினார். நன்றாகவே முளைத்தது. ஒரு நாள் விடியும்போது பாதிப் பைகள் காலி. திருட்டு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கன்றுகளெல்லாம் சில வீட்டு வாசல்களில் வேர்விட்டு நின்றன. எந்த வீட்டில் அடுத்த மாதம் தானியம் தீருமோ அந்த வீட்டு வாசல்.

அதிலிருந்து நான்காம் வருடம் ஒரு ஹன்சாப் புதர் மைதாஜியின் வாசலில் வந்து நின்றது. அவர் உள்ளே போய்ப் பெரிய பானையை எடுக்கச் சொன்னார். தண்ணீருக்கு ஆள் அனுப்பும் முன்பே தேலு ஒரு குடுவையோடு வந்துவிட்டாள். அவள் பின்னால் இன்னும் ஆறு பேர். அவர்கள் உள்ளே வர வழி போதவில்லை என்பதால், மைதாஜி வேலியைப் பிரித்து, புதருக்கும் இடம்விட்டு, இரண்டு முழம் தள்ளிக் கட்டினார்.