வால்வுக்குத் தனி, மணிக்குத் தனி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. ஆரணியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் தேவகி சொன்னது. என் மகளை அந்த வகுப்பில் சேர்க்கப் போனேன். போன இடத்தில், ஒரு புரோகிராமைப் பிரித்துத் திருப்பி எழுதிய கதையை அவர் சொன்னார். கம்ப்யூட்டர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் தொடக்கம் இது:

மணி அடித்துக்கொண்டிருக்க, வீரபாகு நூலைத் தூக்க, திருமலை புரோகிராம் எழுத, அந்தப் பக்கம் ஆவி ஏற, முனியம்மாள்—

தேவகியிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"யாரு எதுக்காகக் காத்துகினு இருக்காங்கன்னே தெரியலியே சார். எங்க வூட்டுக்காரர் எழுதின புரோகிராமும் இப்டித்தான் இருந்தது."

அந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

2

தேவகியும் அவர் கணவர் திருமலையும் வேலூரில் ஒன்றாகப் படித்தவர்கள். 1987இல், சுப்பராயலு முதலாளியின் பட்டுச் சாயப் பட்டறைக்குத் திருமலை ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். அங்கே இரண்டு தொட்டிகள். சூடு போதுமான அளவு ஏறியதும் கம்ப்யூட்டரே தொட்டிக்கு ஆவி வரும் வால்வை மூடிவிடும். சாயம் பிடிக்கும் நேரம் முடிந்தால் மணி அடிக்கும். ஆள் வந்து பொத்தானை அழுத்தினால் மணி நிற்கும். வெளியூர் வியாபாரிகள் யார் வந்தாலும் முதலாளி அதைத்தான் முதலில் காட்டினார். முள்ளிப்பட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் தனக்கும் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலை முதல் தொட்டிக்கு மணி அடித்தது. சாயத்தில் கிடந்த பட்டு நூலை வெளியே எடுத்துவிட்டு அழுத்தலாம் என்று தொட்டி வேலைக்காரர் வீரபாகு தூக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் இரண்டாம் தொட்டி கொதித்துப் பொங்கி, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த முனியம்மாளின் பாதத்தில் ஊற்றிவிட்டது.

"மணி அடிச்சா ஒடனே அமுக்கணும்னு எத்தினி வாட்டி சொல்றது? நீ வூட்டுக்குப் போ" என்று முதலாளி வீரபாகுவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்.

(வெந்த பாதத்தைப் பற்றி இங்கே ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அதில் முனியம்மாளைவிட நான்தான் அதிகம் தெரிந்தேன்.)

3

தேவகிக்கு ஒன்று பிடிபடவில்லை.

"மொதத் தொட்டி மணிக்கும் ரெண்டாந் தொட்டி ஆவிக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல" என்றார் திருமலை.

"அப்ப ஏன் பொங்கிச்சு?"

புரோகிராமைக் காகிதத்தில் அச்செடுத்துத் தரையில் பரப்பினார் தேவகி. மணியை அடி, பொத்தானை அழுத்தும்வரை இங்கேயே நில் என்று ஓரிடத்தில் இருந்தது. அப்படி நின்ற புரோகிராம் வேறு எதையும் பார்க்கவில்லை. மற்றத் தொட்டியின் சூட்டையும் பார்க்கவில்லை. வேறு இடங்களில், ஒரு காத்திருப்புக்குள் இன்னொரு காத்திருப்பு, அதற்குள் இன்னொன்று.

"ஒரு வரி சேத்தா சரியாப்பூடும். ஓடிகினு இருக்கறத எதுக்குப் பிரிக்கிற? பேஜாரு" என்றார் திருமலை.

"இப்டி ஒவ்வொரு வரியாத்தான் சேத்துகினே வந்திருக்கீங்க. நீங்களே படிச்சிச் சொல்லுங்க. மணி அடிக்கும்போது வால்வ யாரு பாக்கறாங்க?"

திருமலை படித்தார். விரல் தாள் தாளாகப் போய், கிளம்பின தாளுக்கே திரும்பி வந்தது. "தெரியல" என்றார்.

[இந்தத் திருமலையை எனக்கு நம்ப முடியவில்லை. தான் எழுதியது தனக்கே புரியவில்லை என்று மனைவியிடம் இவ்வளவு சுலபமாகவா சொல்வார்? தேவகியிடமே கேட்டேன். "ஒடனே எங்க சொன்னாரு?" என்றார். ஆகவே, திருத்தம்:]

திருமலை காகிதத்தைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். கடைத்தெரு வரை போய்த் திரும்பிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "தெரியல தேவகி" என்றார்.

பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சூட்டைப் பார்ப்பது ஒரு பகுதி, வால்வு ஒரு பகுதி, மணி ஒரு பகுதி என்று தேவகி பிரித்தார். எந்தப் பகுதியும் யாருக்காகவும் நின்று காத்திருக்காது. தன் வேலையைப் பார்த்து, நிலைமையைக் குறித்துவைத்துவிட்டு, அடுத்ததற்கு வழிவிடும். பொத்தானை யாரும் இன்னும் அழுத்தவில்லையா? மறுசுற்றில் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதினார்.

"வேற யாராவது பிரிச்சிப் பாத்தாலும் புரியணும் இல்ல?"

4

புரோகிராம் சரியாகிவிட்டது. வீரபாகு இன்னும் வீட்டில்தான் இருந்தார்.

"மொதலாளிகிட்ட உள்ளதச் சொன்னா முள்ளிப்பட்டுக்காரர் வரமாட்டாரு" என்றார் திருமலை.

"வரமாட்டாரு" என்றார் தேவகி.

திருமலை தனியாகத்தான் பட்டறைக்குப் போனார். "ஆளு லேட்டா அமுக்கினாலும் வால்வு மூடணுங்க. மூடல. தப்பு என்னுது. வீரபாகுது இல்ல."

"அப்ப நா அவன அநியாயமா அனுப்பிட்டன்னு சொல்லிகினு வந்தியா?"

"ஆமாங்க."

(ஒரு வரைவில் முதலாளி திருமலையின் தோளைத் தட்டிக்கொடுத்து— இல்லை. தட்டவில்லை.) எதிரில் நிற்காதே என்று முதலாளி திருமலையைத் துரத்தினார். மத்தியானம் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தானே வீரபாகுவின் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. முள்ளிப்பட்டுக்காரர் பிறகு வரவேயில்லை.

5

வீரபாகு மறுபடி வேலைக்கு வந்த அன்று, திருமலையும் தேவகியும் புதுப் புரோகிராமைப் பட்டறையில் ஓடவிட்டிருந்தார்கள். அவர் கம்ப்யூட்டரிடம் போகவில்லை. பொத்தானுக்கு எதிரில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடிக்கட்டும் சார். நா அமுக்கமாட்டேன்."

மணி அடித்தது. எல்லோருக்கும் காது வலித்தது. இரண்டாம் தொட்டியில் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. திருமலை தொட்டியைப் பார்த்தார், தேவகி திருமலையைப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வால்வு மூடிக்கொண்டது. ஆவி அடங்கியது. அதற்குப் பிறகும் சற்று நேரம் அடிக்கவிட்டுத்தான் வீரபாகு பொத்தானை அழுத்தினார்.

"பாத்தல்ல முனியம்மா? வா உள்ள" என்றார் வீரபாகு.

முனியம்மாள் வாசல்படிக்கு வெளியே நின்றிருந்தார். காயம் ஆறியிருந்தது. "பாத்தேன்" என்றார். வரவில்லை.

"பயமா இருந்தா நூல் காயவைக்கற வேலைக்குப் போ. ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார் முதலாளி.

முனியம்மாள் உள்ளே வந்து தொட்டியருகே—

முனியம்மாள் திரும்பி, நூல் காயும் கொல்லைப்புறத்துக்கு—

இரண்டையும் எழுதிப் பார்த்து நிறுத்திவிட்டேன். உண்மையில் என்ன நடந்தது என்று தேவகி சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்றேன். வால்வு சரியாக மூடுகிறது என்று என்னால் எழுத முடியும். அதை நம்பு என்று முனியம்மாளுக்கு என்னால் எழுத முடியாது.

நீங்கள் வேண்டுமானால் அவரோடு அந்த வாசல்படியில் சற்று நேரம் நில்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். மணி நின்றுவிட்டது.