எண்ணாமல் எழுதிய மூச்சு

செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது, ஆண்கள் அறுவை சிகிச்சைப் பிரிவு, எட்டாம் படுக்கை: மூச்சு நிமிடத்துக்கு இருபத்தெட்டு. இருபத்தெட்டா… தப்பாக எண்ணிவிட்டேனோ, நடுவில் இருமினாரே, இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று நர்ஸ் அவர் மணிக்கட்டை விடாமலே நின்றாள். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை நெஞ்சின்மேல் வைக்க வேண்டும், மூச்சைத்தான் எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், புகைப்படத்துக்கு நிற்பதுபோல் மனிதர்கள் மூச்சையே மாற்றிக்கொள்வார்கள். "என்ன சிஸ்டர்… பிடிச்ச கையை… விடமாட்டேங்கிறீங்க… என் சம்சாரம் பாத்தா…" என்றார் படுக்கையில் இருந்த தையல்காரர். "பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்களே வச்சுக்கங்க சிஸ்டர், முப்பது வருஷம் நான் பாத்தாச்சு" என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி. நர்ஸும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது, நேற்று ஒரே கால்சட்டையை மூன்று தடவை பிரித்துத் தைக்கச் சொன்ன ஆளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசியவர் இவர், இன்று இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிற்கிறாரே, ஏன் நிற்கிறார்… கொஞ்சம் பேசாம இருங்கய்யா என்றாள். மறுபடி எண்ணினாள். முப்பது.

சார்ட்டைப் புரட்டினாள். குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து இணைத்து இது நான்காம் நாள், நேற்று முன்தினத்திலிருந்து மூச்சுக்கான வரிசையில் இருபது, இருபது, பதினெட்டு, இருபது, இருபது, கடைசியாக இன்று காலை எட்டு மணிக்கு இருபது, அதன் கீழே அவளுடைய கையெழுத்து. எண்ணினேனா? இல்லை. நாடிக்கு இயந்திரம், ரத்த அழுத்தத்துக்கு இயந்திரம், காய்ச்சலுக்கும் ஒன்று, மூச்சுக்கு மட்டும் ஒரு ஆள் அறுபது வினாடி நிற்க வேண்டும், பன்னிரண்டு படுக்கைக்குப் பன்னிரண்டு நிமிடம், காலை எட்டு மணிக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கே போவது, எல்லோரும் இருபதுதான் போடுகிறோம், கொஞ்சம் உறுத்தினால் பதினெட்டு. இன்று காலைதான் மகளைத் திட்டிவிட்டு வந்தாள், கணக்கைப் போடாமல் புத்தகத்தின் கடைசிப் பக்கம் பார்த்து விடையை எழுதியிருந்தது அந்தக் கழுதை, கேட்டால் விடை சரிதானேம்மா என்கிறது, வாயைப் பார் என்று மண்டையில் ஒரு தட்டு… என் மண்டையில் யார் தட்டுவது?

இதில் தெரியாதது ஒன்றுமில்லை, பரீட்சையிலேயே எழுதியிருக்கிறாள். இணைத்த இடம் கசிந்தால் வயிற்றுக்குள் சீழ், ரத்தத்தில் அமிலம் ஏறிப் புளிக்கத் தொடங்கும், அந்தப் புளிப்பை நுரையீரல் வெளியே தள்ளப் பார்க்கும், அதனால் மூச்சு முதலில் ஏறும், ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும், அதுவரை உடம்பு சாமர்த்தியமாகச் சமாளிக்கும், உள்ளே அடிதடி நடக்கும்போது வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரித்துப் பேசும் குடும்பத்தலைவரைப் போல. இப்போதும் அழுத்தம் நூற்றுப் பத்து, நன்றாகத்தான் இருக்கிறது. வயிற்றில் கை வைத்தாள், பலகைபோல் விறைத்திருந்தது. "வலிக்குதாய்யா?" "கேஸ்தான் சிஸ்டர்… லேசா." "எல்லாத்துக்கும் லேசாதான் சொல்வாரு" என்றாள் மனைவி, இந்த முறை சிரிக்காமல். "எப்பலேர்ந்து சிஸ்டர் இப்படி மூச்சு வாங்குது?"

போனை எடுத்தாள். டியூட்டி டாக்டர் வேறு மாடியில் இருந்தார், பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். பிரஷர் கேட்டார், சொன்னாள். காய்ச்சல் கேட்டார், நூறு என்றாள். மூச்சு முப்பது என்றும், சார்ட்டில் அதற்கு முன் இருந்ததையும் சொன்னாள். "ரெண்டு நாளா இருபதுலயே நிக்குது, திடீர்னு முப்பதா? வலியில பதறியிருப்பார். ஊசி போடுங்க, ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாக்குறேன்." சரி டாக்டர் என்று வைத்துவிடலாம், ஊசியைப் போடலாம், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை, ஒரு மணி நேரம்தானே… அந்த ஒரு மணி நேரம் அவரிடம் இருக்கிறதா? "டாக்டர், எட்டு மணிக்குப் போட்ட இருபதை நம்பாதீங்க. அது நான் எண்ணாம போட்டது." அவளே தொடர்ந்தாள். "மத்தவங்க எண்ணினாங்களான்னு எனக்குத் தெரியாது. நேத்தே ஏறியிருக்கலாம்." "வரேன்" என்றார்.

ஆறு நிமிடத்தில் வந்தார், வயிற்றை அழுத்தினார், ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேனில் கசிவு தெரிந்தது. ஒன்று பத்துக்கு அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள், மனைவி அவருடைய செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு லிஃப்ட் வரை போனாள். "உன்னை யாரும் கேட்டாங்களா? நீயா எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கிறே?" என்று சொல்லிக்கொண்டே பொறுப்பு நர்ஸ் விளக்கப் படிவத்தை மேசையில் வைத்தாள். பெயர், படுக்கை, தகவல் சொன்ன நேரம், எல்லாம் சுலபமாக வந்தது. மாற்றம் தொடங்கிய நேரம் என்று ஒரு கட்டம். எட்டா, நேற்று மாலையா, அதற்கும் முன்பா… சார்ட்டில் இரண்டு நாள் எழுதியிருக்கிறது, அந்த இரண்டு நாளும் அதில் இல்லை. தெரியாது என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அறுவை மூன்று நாற்பதுக்கு முடிந்தது. அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார், இன்னும் கண் விழிக்கவில்லை.