லிஃப்ட் ரிப்பேர்

என் தம்பியும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் தங்கள் பாட்டுக்குழுவின் மேனேஜருக்குத் தர வேண்டியிருந்தது பதினோரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு. லட்சமும் ஆயிரமும் எனக்கு எட்டாத உயரம். அதனால் அந்த அறுநூறு எதற்கு என்று மட்டும் கேட்டேன். போன மாதம் பிறந்தநாளுக்கு மேனேஜர் வாங்கிய கேக்காம். யாருடைய பிறந்தநாள்? என் தம்பியுடையதுதான். "அவரே ஊட்டியும் விட்டாருண்ணே, அதுக்குக் கூலி போடல, அதுவரைக்கும் நல்ல மனுஷன்" என்றான் அவன்.

தம்பி டிரம்ஸ் வாசிப்பவன். பாடுகிறவனைத் தொண்டை என்போம். கிடார்க்காரன் கம்பி. பேஸ் கிடார் வாசிப்பவன் நெட்டை. நான் அவர்களுக்குப் பெட்டி தூக்குகிறவன். ஸ்பீக்கர் பெட்டிகளை வேனில் ஏற்றி, இறக்கி, மேடையில் அடுக்கி, முடிந்ததும் மறுபடி ஏற்றுவது என் வேலை. ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அங்கே லிஃப்டில் எந்தக் காலத்திலோ மாட்டிய 'லிஃப்ட் ரிப்பேர்' அட்டை கழற்றப்படவே இல்லை. அதையே குழுவுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். பெயரின் பெருமை அவர்களுக்கு, முதுகுவலி எனக்கு.

நன்றாக வாசித்தார்கள் என்று சொன்னால் தம்பி மேல் இருக்கும் பாசத்தில் சொல்வதாகத் தோன்றும். பெட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பவனுக்குப் பாட்டு முதுகெலும்பு வழியாகத்தான் வரும். வேறு குழுக்களுக்கும் தூக்கியிருக்கிறேன். அவர்கள் வாசிக்கும்போது பெட்டி அதிரும், அவ்வளவுதான். இவர்கள் வாசித்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். ஒருமுறை பாட்டு நடுவில் கரண்ட் போய்விட்டது. தொண்டை நிறுத்தவில்லை. வாயடைத்துப்போன பெட்டிகளுக்கு நடுவில் வெறும் குரலில் பாடினான். கீழே இருந்த கூட்டம் அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தது. மகள் பிறந்தபோது அவன் கட்டிய பாட்டு அது. கரண்ட் வந்த பிறகும் கம்பி கிடாரைத் தொடாமல் கேட்டுக்கொண்டே நின்றான்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் மேனேஜர் வந்தார். நல்லவிதமாகப் பேசுவார். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை விசாரிப்பார். வேன் அவருடையது. விளக்கு அவர் மச்சானுடையது. போஸ்டர் அடிக்கிற இடமும் சொந்தக்காரர் இடம். எல்லாவற்றுக்கும் வாடகை உண்டு, வாடகைக்கு வட்டி உண்டு. நிகழ்ச்சி பெரிதானால் வேன் இரண்டாகும், விளக்கு நாற்பதாகும். கூட்டம் கூடக் கூடக் கடனும் கூடியது. ஒருநாள் கொட்டுகிற மழையில் காவலாளியையும் என்னையும் தவிர ஆளே இல்லை. விளக்குகளை வேனிலிருந்து இறக்கவேயில்லை, அதற்கு வாடகையும் ஏறவில்லை. அந்த மாதம்தான் கடன் கொஞ்சமாக ஏறியது. "உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாதும்பாங்க. நமக்கு உழாம இருந்தாத்தான் மிஞ்சுது" என்றான் நெட்டை. எல்லோரும் சிரித்தோம். தொண்டை மட்டும் இருமினான்.

வாரத்துக்கு மூன்று, நான்கு என்று பாடிப் பாடி அவன் குரல் மரம் அறுப்பதுபோல் ஆகியிருந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் பேசவே கூடாது, மீறினால் குரலை மறந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். மேனேஜர் வெந்நீர் குடிக்கச் சொன்னார். அத்தோடு ஒரு புதுப் பத்திரமும் கொடுத்தனுப்பினார். இன்னும் ஒரு வருடம், அவர் சொல்கிற இடத்தில் எல்லாம் வாசித்தால் கடன் முழுக்க அடைந்துவிடும் என்று அதில் இருந்தது. மறுநாள் கையெழுத்து.

அன்று சாயங்காலம் பழகும் அறையில் யாரும் எதையும் வாசிக்கவில்லை. பத்திரம் டிரம்ஸ் மேல் கிடந்தது. தொண்டை சுவரோரம் உட்கார்ந்து போனில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு வருஷம்தானே, பாடிவிடலாம் என்று எழுதியிருந்தான். கம்பிக்கும் அதே எண்ணம். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, கைநீட்டி வாங்கியதைக் கொடுத்துவிட வேண்டும்.

"போட்டுடுங்கப்பா. கடன்காரன்னு பேர் எடுத்துட்டு வாழ முடியாது. பல்லைக் கடிச்சுட்டு ஒரு வருஷம் ஓட்டிட்டா முடிஞ்சுது."

தம்பி என்னைப் பார்த்தான். அவன் என்னை எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை.

"அண்ணே, செங்கல் சூளையில அப்பா வாங்கின முன்பணத்தை அடைச்சாரா?"

எனக்குச் சுருக்கென்றது. அவன் கைக்குழந்தையாக இருந்த காலம் அது, யார் சொன்னார்களோ. நானும் அப்பாவோடு கல் அறுத்தவன். அதனால்தான் எழுத்து எனக்குப் பிள்ளை பெற்ற பிறகு வந்தது. ஒவ்வொரு வருடமும் 'இந்த ஒரு வருஷம்தான்' என்பார் அப்பா. பழைய முன்பணத்தை அடைக்கப் புது முன்பணம் வாங்குவார். அறுக்க அறுக்கக் கடன் வளர்ந்தது, நானும் வளர்ந்தேன்.

"அடைக்கல" என்றேன்.

"என்ன பண்ணாரு?"

"அடுப்புல உலை கொதிச்சுக்கிட்டு இருந்தது. அப்படியே விட்டுட்டு உன்னைத் தூக்கிட்டு, என்னையும் இழுத்துக்கிட்டு நடந்துட்டாரு."

"அவரைக் கடன்காரன்னு நீ ஒருநாளாவது சொல்லியிருக்கியா?"

தொண்டை போனை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். நெட்டை பத்திரத்தை எடுத்து, படிக்காமலே நான்காக மடித்தான்.

மறுநாள் மேனேஜர் அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சுவர் முழுக்க இவர்கள் போஸ்டர்தான். பேனாவைத் திறந்து தம்பி பக்கம் தள்ளினார் மேனேஜர்.

"நாங்க வாசிக்கல சார்" என்றான் தம்பி.

"என்னப்பா விளையாடுறியா? கடன்?"

"வாசிக்கிற காசுல பிடிச்சுக்கணும்னுதான் பழைய அக்ரிமென்ட்ல இருக்கு" என்றான் நெட்டை. "வாசிக்கலேன்னா எதுல பிடிப்பீங்க?"

"கோர்ட்டுக்குப் போவேன்."

"போங்க சார். வேன் யாரு வேன், லைட்டு யாரு லைட்டுன்னு அங்க கேட்பாங்க. நாங்களும் தெரிஞ்சுக்கலாம்" என்றான் நெட்டை.

மேனேஜர் சிரித்தார். கோபம் வந்தாலும் சிரிக்கிற முகம் அவருக்கு. "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. நீங்க நாலு பேர் இல்லேன்னா வேற நாலு பேர். பாட்டு இருக்கு, பேர் இருக்கு. அந்தப் பேருக்குத்தான்டா கூட்டம் வருது, உங்க மூஞ்சிக்கா?"

"அப்போ பேரை நீங்களே வச்சுக்குங்க" என்றான் தம்பி.

அவர் பேனாவை மூடினார்.

"பேர், பாட்டு, டிரம்ஸ், கிடார் எல்லாம் வச்சுக்குங்க. கடன் அந்தப் பேர்லதானே இருக்கு? அதோட அதையும் வச்சுக்குங்க. எங்க நாலு பேர்கிட்ட ஒண்ணும் பாக்கி இல்லேன்னு எழுதிக் கொடுங்க, போறோம்."

மேனேஜர் மேஜைமேல் விரலால் ஏதோ கூட்டிக் கழித்துப் பார்த்தார். இப்போதைக்குப் பாட முடியாத ஒருவனும், வாசிக்க மாட்டேன் என்கிற மூன்று பேரும் ஒரு தட்டில். ஊரெல்லாம் தெரிந்த பெயர் மறு தட்டில். அவர் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்தபோது, எங்களை ஏமாற்றிவிட்டதாக அவர் சந்தோஷப்படுகிறார் எனப் புரிந்தது. படட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தொண்டை போனில் எழுதி அவரிடம் நீட்டினான். மகள் பாட்டுமா என்று கேட்டிருந்தான்.

"எல்லாந்தான் தம்பி" என்றார் மேனேஜர், பரிவாகவே.

தம்பி தொண்டையைப் பார்த்தான். இதை இன்னொருவன் முடிவு செய்ய முடியாது. தொண்டை எழுந்து ஜன்னல்வரை போனான். கழுத்தில் கையை வைத்து, வெகுநேரம் வெளியே பார்த்தபடி நின்றான். அவன் 'வேண்டாம்' என்று தலையாட்டியிருந்தால் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து அந்த ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்போம். அவன் திரும்பி வந்து, மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, மேனேஜர் கையில் கொடுத்தான்.

தெருவுக்கு வந்ததும் அந்தக் காகிதத்தைத் தம்பி என்னிடம் தந்தான். "நீ படிண்ணே. நான் படிச்சா நம்ப மாட்டேன்." நான் விரல் வைத்துத்தான் படிப்பேன். வழியில் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். நாலு பேரும் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மேற்படி நால்வரும்... எனக்கு... இனி எவ்விதப் பாக்கியும்... தர வேண்டியதில்லை. "இன்னொரு தடவை" என்றான் கம்பி. படித்தேன். நெட்டை நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். தொண்டை அழுதான். சத்தம் வராமல் அழ அவனுக்கு டாக்டர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போன் செய்தேன். "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு, வாங்க" என்றாள் என் மனைவி. பிறகு, "தலப்பா அழகா இருந்துச்சு, பாவம்" என்றாள்.

வேன் இல்லாததால் பஸ் ஏறினோம். தூக்க எதுவும் இல்லை. என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். லேசாகத் தூறல் விழுந்தது. தொண்டை நெட்டையின் தோளில் சாய்ந்தான், நெட்டை ஜன்னல் கம்பியில். கம்பி வாயைத் திறந்தபடி குறட்டை விட்டான். தம்பியின் விரல்கள் தொடையில் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல மெல்ல நின்றன. சிறுவயதில் தூங்கியதுபோல் தலை தொங்கியிருந்தது.

எங்கள் நிறுத்தம் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு கிழவர் ஏறினார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் அவர்களைக் காட்டி, விரலை உதட்டில் வைத்தேன். அவர் விசிலை மெதுவாக ஊதினார். பஸ் ஈரமான தெருவில் அடுத்த நிறுத்தத்தை நோக்கிப் போனது.