ஏழாம் நபரின் இடது காது

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை பத்து மணிக்கே ஆவி கண்ணை மறைத்தது. எட்டு இயந்திரங்கள் சேர்ந்து உறுமிக்கொண்டிருந்தன. ஆய்வு மாணவி ஒரு புத்தகப் பிரதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இஸ்திரி இயந்திரத்தை நோக்கி நடந்தாள். இந்தக் கூடத்தில் பதினொரு பேரிடம் கதை கேட்டு அவள் எழுதிய ஆய்வேடு அது. கூடத்தில் முதல் பிரதியை இஸ்திரிக்கார அக்காவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாள்.

இயந்திரத்தில் வேறொருத்தி நின்று விரிப்புகளை உருளைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா இன்னிக்கு லீவா?"

மடிப்பு மேசையில் இருந்தவள் நிமிரவில்லை. "நிரந்தர லீவு. எல்லாம் உன் புண்ணியம்."

"நான் என்ன செஞ்சேன்?"

"நீ எழுதினதை ஆபீஸுக்குக் கொடுத்தியாமே? சூப்பர்வைசர் வரி வரியா வாசிச்சாரு. அந்தாளு தன் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவ்வளவு அக்கறையா வாசிச்சிருக்க மாட்டாரு. மறுநாளே அக்காவைக் காது டெஸ்டுக்கு அனுப்பினாங்க. அதுக்கு அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

 எந்தப் பக்கத்தை வாசித்தார் என்று மாணவி கேட்கத் தேவையிருக்கவில்லை.

அக்காவைப் பேட்டி எடுத்த அன்று, எல்லாம் முடிந்து ரெக்கார்டரை அணைத்தாயிற்று. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "அது நின்னுடுச்சா பாப்பா? அப்ப ஒண்ணு சொல்றேன். எனக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. இந்த மெஷின் தின்னுடுச்சு. யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் வந்தா வலது காதைக் காட்டி நின்னுக்குவேன். புரியலைன்னா சிரிச்சு வெப்பேன். அவரு நம்மளை நல்ல பொம்பளைன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், மறந்துவிடுமோ என்று மாணவி ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வழிகாட்டிப் பேராசிரியை அதை வாசித்துவிட்டு, "மத்த பத்து பேர் சொன்னதையும் இது ஒண்ணே தூக்கி நிறுத்துது" என்றார். அதுவரை அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. மாணவி பெயரை எடுத்துவிட்டுப் 'பங்கேற்பாளர் 7' என்று போட்டாள். 'இஸ்திரி இயந்திரத்தில் பதினாறு ஆண்டுகள்' என்பதை மட்டும் விட்டுவைத்தாள். ஆண்டுக் கணக்கு ஆய்வுக்கு முக்கியம். அந்த இயந்திரத்தில் பதினாறு ஆண்டு நின்றவர் ஒருவர்தான் என்பது சலவைக்கூடம் முழுக்கத் தெரியும். அனுமதி தந்த அலுவலகத்துக்கு ஒரு பிரதி போகும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பாராட்டுக்குப் பிறகு தோன்ற விட்டிருக்கவும் மாட்டாள்.

மத்தியானமே அக்காவின் வீட்டுக்குப் போனாள். அக்கா வாசலை விட்டு நகராமல் நின்றாள்.

"சொல்லுங்க மேடம்."

பாப்பா என்ற வாய் மேடம் என்றதும் மாணவி அவசரமாகச் சொன்னாள். "உங்க பேரை எங்கயுமே போடலைக்கா."

"பேரை மாத்தினீங்க. காதை மாத்தலையே."

"மன்னிச்சிடுங்கக்கா."

"உங்க மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்ண? பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு கிடக்கு. ஊரெல்லாம் கேட்டுப் பாத்துட்டேன், செவிட்டு ஆளு வேண்டாங்கிறாங்க. உங்களுக்குத்தான் நல்லா எழுத வருதே. ஆபீஸுக்கும் எழுதுங்க. சொல்லக் கூடாததை நீங்க சொல்லிட்டீங்கன்னு எழுதுங்க. காதைத் தின்னது அவங்க மெஷின்தான்னும் சேத்து எழுதுங்க."

கதவு அறைந்து சாத்தப்படவில்லை. மெதுவாகத்தான் மூடியது. அதைத்தான் மாணவியால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பேராசிரியையின் மேசையில் இரண்டு கடிதங்களை வைத்தாள். ஒன்று மருத்துவமனை அலுவலகத்துக்கு, மற்றது பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு. அந்தப் பக்கத்தை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

பேராசிரியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கென்ன பைத்தியமா? குழு உன் ஆய்வையே நிறுத்திடும். மூணு வருஷ உழைப்பு."

"தெரியும் மேடம்."

"இதை அனுப்பினா அவங்களுக்கு வேலை திரும்பக் கிடைச்சிடுமா?"

"தெரியலை. கிடைக்கிற வரைக்கும் எழுதிக்கிட்டே இருப்பேன்."

"சம்மதப் படிவத்துல அவங்க கையெழுத்து இருக்கும்மா. சட்டப்படி நீ ஒரு தப்பும் பண்ணலை."

மாணவி எப்போதும் தரையைப் பார்த்துப் பேசுகிறவள். இப்போதும் தரையைத்தான் பார்த்தாள். குரல் மட்டும் நடுங்கவில்லை.

"பேட்டிக்குத்தான் கையெழுத்துப் போட்டாங்க மேடம். நம்பிச் சொன்னதுக்குப் போடலை. நாம தரவுன்னு சொல்றது அவங்க வாழ்க்கை. அதைச் சொன்னவங்ககிட்ட திரும்பப் படிச்சுக் காட்டி, 'இதை எழுதலாமா'ன்னு கேட்காம ஒரு வரிகூட எடுக்கக் கூடாது. கேட்காம எடுத்தா அதுக்குப் பேரு ஆய்வு இல்லை, திருட்டு."